சேப்பாக்கத்தில் ஒரு கைதட்டல்

சேப்பாக்கத்தில் ஆட்டம் நடந்தால் வர்ணனையாளர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: சென்னை ரசிகர்கள் ஆட்டம் அறிந்தவர்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் கூச்சமாகவே ஆகிவிட்டது. புகழுரை நூறு முறை சொல்லப்பட்டால் விளம்பரமாகிவிடுகிறது. ஆனாலும் அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்த மண் ஒரு காலத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை வளாகத்தைச் சேர்ந்தது. 1768இல் எழுந்த அரண்மனை இன்றும் பக்கத்தில் நிற்கிறது. 1855இல் கடைசி நவாபு வாரிசின்றி இறந்தபின் ஆங்கிலேயர் அதைக் கைக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் அங்கே குடியேறியது. 1934 நவம்பர் 4 அன்று முதல் ரஞ்சி ஆட்டம் இங்கேதான் நடந்தது. எதிரணி மைசூர், ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. 11 விக்கெட் வீழ்த்திய ஏ.ஜி. ராம்சிங், அமிர்தசரஸைப் பூர்வீகமாகக் கொண்ட சீக்கியர். அவரை அசலூரார் என்று மதராஸ் நினைத்ததாகத் தெரியவில்லை. அவருடைய பிள்ளைகள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னாளில் இந்தியாவுக்கே ஆடினார்கள். 1952இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் இங்கேதான். 1986இல் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய டெஸ்ட் வெற்றி தோல்வியின்றி டையில் முடிந்த கதையை இங்கே எல்லோரும் அறிவர்.

நான் சொல்ல வந்தது 1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை.

பாகிஸ்தான் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. அதை எதிர்த்து தில்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டிருந்தார்கள். இந்தியாவுக்கு இலக்கு 271. 82க்கு ஐந்து விக்கெட் போனபின் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 எடுத்தார். இன்னும் 17 ரன் தேவை என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக் பந்தில் வாசிம் அக்ரமிடம் பிடி கொடுத்தார். மீதி மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி.

அப்பா அன்று அரங்கில் இருந்தார். சற்று நேரம் காகம் கரைவதுகூடக் கேட்டதாம். பிறகு எங்கோ ஒரு மூலையில் தொடங்கிய கைதட்டல் அரங்கம் முழுவதும் பரவியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தது.

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் ஒருவர் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. "நாம தோத்ததுக்கு நீங்க கை தட்டினீங்களாமே சார்" என்றவர், ஒரு மாதம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மே மாதம் கார்கில் போர் தொடங்கியபோது அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் அவரை வருத்தியிருக்க வேண்டும்.

பல வருடங்கள் கழித்து நானே கேட்டேன், ஏன் எழுந்து நின்றீர்கள் என்று. "ரொம்ப நேரம் உட்கார்ந்து கால் மரத்துப் போச்சு, எழுந்தோம். எழுந்தப்புறம் சும்மா நிக்க முடியுமா?" என்றார். பிறகு, "நன்னா ஆடினாங்கடா" என்றார். ஆட்டம் அறிந்தவர்கள் என்ற வாசகத்தைவிட இந்தப் பதிலையே நான் நம்புகிறேன்.

அப்பா மறைந்தபின் ஒரு ஜனவரியில், கோவையிலிருந்து வந்த அக்கா மகனை அழைத்துக்கொண்டு, திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, ரஞ்சி ஆட்டம் பார்க்கப் போனேன். மஞ்சள் சட்டைக் கூட்டத்தைத் தொலைக்காட்சியில் கண்டவன், வெறிச்சோடிய இருக்கைகளைப் பார்த்துத் திகைத்தான். தாத்தா உட்கார்ந்த இடம் எது என்று கேட்டான். 2011 உலகக் கோப்பையின்போது அரங்குகள் பலவும் புதிதாகிவிட்டன. உத்தேசமாக ஒரு திசையைக் காட்டினேன். அந்நேரம் மட்டையாளர் ஒருவர் கவர் திசையில் பந்தை வழித்து அனுப்ப, முன்வரிசையில் தொப்பி அணிந்த முதியவர்கள் நான்கைந்து பேர் கை தட்டினார்கள்.

"அவர் நம்ம டீம் இல்லையே மாமா" என்றான்.