இருட்டில் நிற்பது யார்?



டெக்சாஸில் மகள் வீட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். மங்கிய வெளிச்சத்தில் அதைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று விவரமாகக் கேட்டேன். நடுராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து, விளக்குப் போடாமல் நடக்கிற ஆள் இந்த வீட்டில் நான்தானே!

கண் பாடம் நடத்தியது நினைவிருக்கிறதா? இருட்டில் வேலை செய்பவை குச்சி செல்கள். நிறமும் நுணுக்கமும் காட்டும் கூம்பு செல்கள் அப்போது உதவாது. கண் இருளுக்கு நன்றாகப் பழகவே 20, 30 நிமிடம் ஆகும். அதனால் உருவம் தெரியும். ஆள் யாரென்று தெரியாது.

பயிற்சியின் சாரமும் இதுதான். முதலில் வெளிச்சம், பிறகு "யாரது?" என்ற குரல். யாரென்று உறுதியாகும்வரை விரல் விசைக்கு வெளியே. டார்ச் தனியாக மற்றொரு கையில். துப்பாக்கியில் பொருத்திய விளக்கால் தேடினால், வெளிச்சம் போகும் இடமெல்லாம் துப்பாக்கி முனையும் போகும்; அங்கே நிற்பது பேரனாகவும் இருக்கலாம்.

துப்பாக்கி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். டார்ச் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.