பனியைக் கிழிக்காத விளக்கு

2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அதன்பின் கோலார் தங்கவயலின் பிழைப்பு பெரும்பாலும் ஊருக்கும் பெங்களூருவுக்கும் இடையிலான ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில்தான் நடக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் விடிகாலைத் தொடர்வண்டிகள் அந்தச் சுமையின் பெரும்பகுதியை ஏற்கின்றன. மிச்சம் சாலையில் செல்கிறது. பாட்டனும் தந்தையும் சுரங்கத்தில் இறங்கிய வீடுகளிலிருந்து வாடகைக் கார் ஓட்ட வந்தவர்கள் பலர். நகரத்து நிறுவனங்களின் காலைப் பணிமுறைக்கு ஆள் ஏற்ற வேண்டுமானால், அவர்கள் மூன்றரை, நான்கு மணிக்கே ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். பனிக்காலத்தில் அது மூடுபனி திரளும் நேரம்.

தங்கவயல் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள மேட்டுநிலம். மேகமற்ற இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. அதையொட்டிய ஈரக் காற்று துளிகளாகிறது. ஏரிக்கரைகளிலும் தாழ்வான இடங்களிலும் இது அடர்த்தியாகும். ஒருகாலத்தில் சுரங்க நகருக்குக் குடிநீர் தந்த, பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரிப்பக்கம் அத்தகையது. சாலை முழுவதும் ஒரே சீராகப் பனி இருந்தால் ஓட்டுநர் தாமாகவே வேகம் குறைத்துவிடுவார். தெளிந்த சாலையில் எண்பதில் வந்துகொண்டிருக்கும்போது திடீரென ஒரு வெள்ளைச் சுவருக்குள் நுழைவதே ஆபத்து. கன்னடத்தில் இதற்கு மஞ்சு என்று பெயர், தெலுங்கிலும் ஏறக்குறைய அதுவே. தமிழில் அச்சொல் பழைய இலக்கியத்தோடு நின்றுவிட்டது. மூன்று மொழியும் புழங்கும் இந்த ஊரில் அது மீண்டும் காதில் விழுவது ஒரு தனி மகிழ்ச்சி. ஓட்டுநருக்கு அந்த மகிழ்ச்சி இராது.

இத்தகைய ஓட்டுநர் ஒருவர் கார் உதிரிப்பொருள் கடையில் நிற்கிறார் எனக் கொள்வோம். அவர் கேட்பது, "தூரமா அடிக்கிற மாதிரி குடுங்கண்ணா." கடைக்காரர் கண்கூசும் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை எரித்துக் காட்டி, "இது பனியைக் கிழிச்சிட்டுப் போகும்" என்கிறார். கேள்வியும் தவறு, விடையும் தவறு.

பனியைக் கிழிக்கும் விளக்கு எதுவும் இல்லை. மூடுபனியின் துளிகள் பெரும்பாலும் சில மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரையிலானவை. கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளமோ ஒரு மைக்ரானுக்கும் குறைவு. அவ்வளவு பெரிய துளி எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரேபோலச் சிதறடிக்கும். ஒளியைக் கூட்டினால், கண்ணை நோக்கித் திரும்பி வரும் ஒளியும் சேர்ந்தே கூடும். ஹை பீம் போட்டவுடன் சாலை மறைந்து வெண்மை மட்டும் எஞ்சுவது இதனால்தான். சுரங்கத்தொழிலாளரின் நெற்றி விளக்கைக் கொண்டு இதை எளிதில் விளக்கலாம். புகையும் நீராவியும் நிறைந்த இடத்தில் விளக்கு கண்ணை ஒட்டி இருந்தால் எதிரே புகைதான் தெரியும். அதையே கழற்றி இடுப்பளவில் பிடித்தால் தரை தெரியத் தொடங்கும். பார்வைக் கோட்டிலிருந்து ஒளிக்கோடு விலகிவிடுகிறது, அவ்வளவே.

பம்பரின் கீழ்ப்பகுதியில் மூடுபனி விளக்கைப் பொருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான். தரைக்கும் பனிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, அதன்வழியே ஒளி போகிறது என்ற விளக்கம் பரவலாகச் சொல்லப்படுகிறது. அதை நம்பத் தேவையில்லை. நல்ல விளக்கின் ஒளி அகலமாகவும் தட்டையாகவும் பரவ வேண்டும். மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நிற்க வேண்டும். கடையிலேயே சுவருக்கு எதிரே எரியவிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் எண்ணும், அருகில் 'பி' அல்லது 'எஃப் 3' என்ற குறியும் இருந்தால், ஐ.நா. ஒழுங்குவிதியின்படி முன்பக்க மூடுபனி விளக்காக ஏற்பு பெற்றது என்று பொருள். ஹாலஜன் பல்புக்காக வடித்த கூட்டில் எல்.இ.டி.யைச் செருகுவது மலிவான வழி, மோசமான வழியும்கூட. இழை இருந்த இடத்தில் ஒளி பிறக்காவிட்டால் அந்த மேல்விளிம்பு சிதைந்து, எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரரின் கண்ணில்தான் போய் விழும்.

மஞ்சளா வெள்ளையா என்ற சண்டைக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பிரான்ஸ் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முகப்பு விளக்குகளுக்கு மஞ்சளைக் கட்டாயமாக்கியிருந்தது, பிறகு கைவிட்டது. நீலக்கூறு குறைவதால் கூச்சம் சற்றுக் குறைவதாகப் பலர் உணர்கிறார்கள். ஆகவே 6000 கெல்வின் நீலவெள்ளையைவிட 3000 கெல்வின் மஞ்சள் தேவலாம். அதற்காக மஞ்சள் ஊடுருவும் என்று சொல்லக் கூடாது.

55 வாட் பல்பு இரண்டு, 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். தனி ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் பழைய சுவிட்சோடு கம்பியை முறுக்கிக் கட்டுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதிருப்பது நல்லது.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் அந்த விளக்கு சாலையோரத்தைச் சில பத்து மீட்டருக்குத்தான் காட்டும். மணிக்கு 80 கிலோமீட்டரில், கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி எடுத்தால், அதற்குள்ளேயே 33 மீட்டர் கடந்துவிடும். ஈரச்சாலையில் நிற்க இன்னும் ஏறத்தாழ 50 மீட்டர். 40 கிலோமீட்டரில் மொத்தமும் 30 மீட்டருக்குள் முடிந்துவிடும். பார்வைத் தொலைவு 50 மீட்டருக்கும் கீழே போனால் வானிலைத் துறை அதை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. அந்த நிலையில் எந்த விளக்கோடும் எண்பதில் போக முடியாது. ஆனால் நாற்பதில் போனால் பணிமுறைக்கு நேரமாகிவிடும், அன்றைய கூலியில் பிடித்தம் விழும். அந்த நேரத்தை வகுத்தவர்கள் வெயில் ஏறியபின் விழிக்கும் நகரத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே ஓட்டுநர் வாங்குவது ஏற்புக்குறியுள்ள மஞ்சள் ஹாலஜன் இணை ஒன்று. அதோடு அலாரத்தை மூன்றரையிலிருந்து இரண்டே முக்காலுக்கு மாற்றி வைக்கிறார். அந்த முக்கால் மணி நேரத் தூக்கத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.