டூத் பிரஷ் விற்ற கூடைப்பந்து அணி

பிலடெல்ஃபியாவுக்கு மேற்கே இம்மாகுலாட்டா என்றொரு சிறிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். 1920-ல் கன்னியாஸ்திரீகள் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அது. பதினான்கு வருடங்களாக அதன் பெயர்ப்பலகையைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறேன். அதன் விளையாட்டு வரலாற்றைத் தேடிப் படித்தது இந்தக் குளிர்காலத்தில்தான், அதைப் போன்ற இன்னொரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என் மகளைக் கூப்பிட்டபோது. மூன்றாம் பிரிவுக் கல்லூரி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மூன்றாம் பிரிவு என்றால், விளையாடுவதற்காக ஒரு டாலர்கூடத் தரமாட்டார்கள்.

"காசு குடுக்காத விளையாட்டுக்காக யாராவது காலேஜ் தேர்ந்தெடுப்பாங்களா?" என்றார் என் கணவர். கேள்வியில் நியாயம் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. அதனால் படித்தேன்.

1970-ல் கேத்தி ரஷ் என்ற இளம்பெண் இம்மாகுலாட்டாவுக்குக் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்தார். சம்பளம் வருடத்துக்கு 450 டாலர். கல்லூரியின் விளையாட்டரங்கம் 1967-லேயே தீயில் போயிருந்தது. மடத்தில், துறவுப் பயிற்சியில் இருந்த இளம்பெண்களுக்கென்று கட்டிய கூடத்தில்தான் பயிற்சி. சீருடை என்பது இடுப்பில் வார் கட்டிய கம்பளி அங்கி. அதை மாட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்!

1972 மார்ச்சில் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்கான முதல் தேசியப் போட்டி இல்லினாயில் நடந்தது. பதினாறு அணிகள். தரவரிசையில் இம்மாகுலாட்டாவுக்குப் பதினைந்தாவது இடம். போகப் பணமில்லை. டூத் பிரஷ் விற்றார்கள். சேர்ந்த பணம் எட்டுப் பேருக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். விமானத்தில் இடம் காலியாக இருந்தால் ஏற்றிக்கொள்ளும் வகை டிக்கெட். இறுதி ஆட்டத்தில் எதிரே வெஸ்ட் செஸ்டர், பக்கத்து ஊர் அரசுக் கல்லூரி. சில நாட்களுக்கு முன்புதான் இம்மாகுலாட்டாவை 32 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கியிருந்தார்கள். இந்த முறை 52-48. கோப்பை இம்மாகுலாட்டாவுக்கு. 1973-லும் 1974-லும் அவர்களுக்கே.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தக் கன்னியாஸ்திரீகள்தான். ரெனீ மூத் என்ற வீராங்கனையின் அப்பா ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து உலோக வாளிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். அங்கி அணிந்த சிஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்து, குச்சியால் வாளியைத் தட்டித் தட்டிக் கூரையை அதிரவைப்பார்களாம். எதிரணிகள் புகார் செய்து, கடைசியில் வாளிக்குத் தடை வந்தது.

நானும் சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் கல்லூரியில்தான் படித்தேன். தமிழ்நாட்டின் தென்கோடியில் ஒரு சிறு ஊர். சிமெண்ட் தரை, வலையில்லாத வளையம், ஆறு மணிக்கு விடுதிக் கதவு சாத்தப்படும். மடத்தைச் சுதந்திரத்தின் கோட்டையாக எழுத எனக்கு மனம் வராது. எங்கள் கடிதங்களைப் பிரித்துப் படித்தவர்களும் சிஸ்டர்கள்தான். ஆனாலும் மைதானத்தைச் சுற்றி உயரமான மதில் இருந்தது. மதிலுக்குள் துப்பட்டா வேண்டாம். வியர்த்து விறுவிறுத்து, கத்தி, கீழே விழுந்து எழலாம். யாரும் பார்க்கப் போவதில்லை. வயதான ஒரு சிஸ்டர் மட்டும் ஜெபமாலையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். "ஏ புள்ள, ரெண்டு கையால தள்ளினா ஃபவுல்" என்று உருட்டிய மணியை நிறுத்தாமலே சொல்வார். வீட்டில் என் அத்தைகள் வேறொரு கணக்குப் போட்டார்கள். வெயிலில் கறுத்துவிட்டேன், முட்டியில் தழும்பு, மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது? இரண்டாம் வருட இறுதியில் அப்பா வந்து காலணியை வாங்கிக்கொண்டு போனார். பெண்களுக்கு இடம் கிடைப்பது பற்றி யார் எழுதினாலும் அந்த மதிலைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அடைத்தும் வைத்தது, காப்பாற்றியும் வைத்தது.

இம்மாகுலாட்டாவின் கதை 1974-க்குப் பிறகு வேறு திசையில் போகிறது. அவர்களைப் பற்றி எடுத்த 'தி மைட்டி மேக்ஸ்' படம் முதல் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. சினிமாவுக்கு அது வசதி.

முதல் கோப்பைக்கு மூன்று மாதங்கள் கழித்து, 1972 ஜூன் 23 அன்று, அரசுப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் 'டைட்டில் நைன்' சட்டம் வந்தது. அதுவரை பெண்கள் கல்லூரி விளையாட்டைப் பெண்களே தங்கள் சங்கம் வைத்து நடத்தினார்கள். ஆண்கள் விளையாட்டில் நடக்கும் ஆள்பிடிப்பும் பேரமும் இங்கே வேண்டாமென்று, விளையாட்டு உதவித்தொகையைச் சங்கம் தடைசெய்திருந்தது. 1973-ல் அதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களும் ஒரு சிறிய கத்தோலிக்கக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள்: ஃபுளோரிடாவின் மேரிமவுண்ட், அதன் உடற்கல்வி இயக்குநர் ஃபெர்ன் கெல்மையர். ஆணுக்குக் கொடுப்பதைப் பெண்ணுக்கு ஏன் கொடுக்கக்கூடாது? சங்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை. விதி மாறியது.

மாறவேண்டியதுதான். ஆனால் உதவித்தொகை வந்ததும் திறமையான பெண்கள் பணமுள்ள பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். 1975 ஜனவரியில், நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தில் இம்மாகுலாட்டா மேரிலாண்டை 80-48 என்று தோற்கடித்தது. அடுத்த மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆடினார்கள். பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 12,000 பேர். அதே வருட இறுதி ஆட்டத்தில் டெல்டா ஸ்டேட்டிடம், லூசியா ஹாரிஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் ஆட்டத்துக்கு முன்னால், தோற்றார்கள். மறுவருடமும் அப்படியே. 1977-ல் கேத்தி ரஷ் விலகினார். 1982-ல் ஆண்களின் சங்கம் பெண்கள் போட்டியையும் நடத்தத் தொடங்க, பெண்களின் சங்கம் கலைந்தது. 1972-ல் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பெண் பயிற்சியாளர்கள். இன்று பாதிக்கும் குறைவு. சம்பளம் உயர்ந்த பிறகு அந்த நாற்காலி ஆண்களுக்கும் பிடித்துப்போனது.

அந்த எட்டுப் பேர் கொண்ட அணியும் அதன்பின் வந்தவர்களும் பயிற்சியாளர்களாகப் போனார்கள். தெரசா ஷாங்க் ரட்கர்ஸில் பெயர் வாங்கினார். மரியான் கிராஃபோர்ட், பின்னாளில் ஸ்டான்லி, தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆண்கள் அணியின் பயிற்சியாளருக்குத் தரும் சம்பளத்தைத் தனக்கும் கேட்டார். தேசியக் கோப்பையை மூன்று முறை வென்றிருந்தவர் அவர். 1993-ல் ஒப்பந்தம் முடிந்தது, வேலை போனது. வழக்குப் போட்டார். ஆண்கள் அணி கூட்டத்தையும் வருமானத்தையும் அதிகம் கொண்டுவருகிறது, ஆகவே வேலையும் வேறு, பொறுப்பும் வேறு என்ற வாதம் நின்றது. 1999 வரை இழுத்துத் தோற்றார். கூட்டம் வராததற்கு யார் காரணம் என்பது அந்தக் கணக்கில் வராது.

வாளி கொண்டுவந்த அப்பாவின் மகள் ரெனீயையும் சொல்லவேண்டும். ரெனீ போர்ட்லண்ட் என்ற பெயரில் பென் ஸ்டேட்டில் இருபத்தேழு வருடம் பயிற்சியாளராக இருந்தார். தன் அணியில் தன்பால் ஈர்ப்புள்ள பெண்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். ஜெனிஃபர் ஹாரிஸ் என்ற வீராங்கனையின் புகாருக்குப் பிறகு, பல்கலைக்கழகமே விசாரித்து, அவர் பகைமையான சூழலை உருவாக்கினார் என்று 2006-ல் முடிவு செய்தது. 2007-ல் விலகினார். பெண்களுக்கு இடம் வேண்டும் என்று டூத் பிரஷ் விற்றவர்களில் ஒருவர், எந்தப் பெண்ணுக்கு என்பதை அளந்து கொடுத்தார். இதை விட்டுவிட்டு வாளிச் சத்தத்தை மட்டும் என் மகளுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முழுவதையும் சொன்னேன். "அப்ப நீங்க எந்தப் பக்கம்மா?" என்றாள்.

மார்ச் மாதம் அந்தக் கல்லூரியைப் பார்க்கப் போனோம். சின்ன அரங்கம், மடக்குப் படிகள், சுவரில் ஒரு சிலுவை. பயிற்சியாளர் ஒரு பெண். மகள் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். நான் கேட்டது ஒன்றுதான்: முட்டி போய்விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றார் அவர். மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் பார்த்துத்தான் இங்கே உதவித்தொகை. பந்தைத் தொடாவிட்டாலும் அது நிற்காது. விளையாடப் பிடிக்கவில்லையென்றால் அவள் விலகலாம், படிப்பு தொடரும்.

என் கணவர் காரில் ஏறியதும் கைப்பேசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். கல்லூரி தருவது போக வருடத்துக்கு எட்டாயிரம் டாலர் இடிக்கிறது. மகள் கோடையில் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறேன் என்கிறாள். மே 1-க்குள் முன்பணம் கட்டவேண்டும்.