தாராவிக்கு அடியில் ஓடும் கணக்கு

மும்பை மெட்ரோ மூன்றாம் தடத்துக்கு முதலில் போட்ட மதிப்பீடு 23,136 கோடி ரூபாய். பிறகு அது 37,276 கோடியாக ஏறியது. நம்ம தாராவிக்கு அடியில் போகிற தடம்தான். 33.5 கிலோமீட்டர், 27 நிலையங்கள். ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை முழுதாக ஓட 2025 அக்டோபர் ஆகிவிட்டது.

"இத்தனை சாஃப்ட்வேர் இருந்துமா இவ்வளவு தாமதம்?" என்று மாட்டுங்கா நண்பர்கள் கேட்கிறார்கள். கட்டுமானத் திட்டமிடல்தான் என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன். ப்ரிமவேரா போன்ற மென்பொருள் தாமதத்தைத் தடுக்காது, மறைக்க விடாமல் காட்டும். அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஒரு மாதக் கடைசி. முடிந்திருக்க வேண்டிய வேலையின் மதிப்பு 100 லட்சம், முடிந்தது 80, செலவானது 90. பில்லை மட்டும் பார்ப்பவருக்குப் பத்து லட்சம் மிச்சம் போலத் தெரியும். உண்மையில் 80 லட்ச வேலைக்கு 90 லட்சம் போயிருக்கிறது, வேலையும் பின்தங்கியிருக்கிறது. அந்த 80 சரியாக இருந்தால்தான் எல்லாம். கம்பி கட்டி, கான்கிரீட் போடாத தூணை 'முடிந்தது' என்று சைட்டில் பதிந்துவிட்டால், மேலே போகிற அத்தனை ரிப்போர்ட்டும் பொய்.

தாமதம் சைட்டில் மட்டும் வருவதில்லை. இந்தத் தடத்தின் ஆரே பணிமனை வேலை 2019 நவம்பரில் நிறுத்தப்பட்டு 2022-ல்தான் மறுபடி தொடங்கியது. பணிமனைக்காக மரங்களை வெட்டலாமா என்று போராடியவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதில் அட்டவணை போடும் முன்பே வந்திருக்க வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பிலாவது முடிந்திருக்க வேண்டியது, முடிந்தது, செலவானது என்ற மூன்று எண்களையும் மாதாமாதம் குடியிருப்பவர்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். தமிழிலும்.