மேசைக்கடியிற் பறித்த நூல்

இக்கல்லூரிக்கு வந்த புதிதில், இலக்கண வகுப்பின்போது மாணாக்கனொருவன் மேசைக்கடியில் ஒளித்து வாசித்த ஆங்கில நாவலைப் பறித்தேன். “துப்பறியும் கதை, அதிலும் காதல்! படிப்பு எங்ஙனம் ஏறும்?” என்று வகுப்பறியக் கடிந்தேன். அவன் வாய் திறந்திலன்.

அன்றிரவு குற்றங்காணும் நோக்குடனேயே அதனைப் புரட்டினேன். விடியும்வரை கீழே வைத்தேனல்லேன். டிக்கன்ஸ் நடத்திய கிழமை இதழில் 1868இல் வில்கி கொலின்ஸ் எழுதிய ‘மூன்ஸ்ரோன்’ அது. (நம் நாட்டுச் சந்திரகாந்தக் கல்லென மயங்கற்க; கதையில் வருவது பாரதத்துச் சந்திரன் திருவுருவிலிருந்து கவரப்பட்ட மஞ்சள் வைரம்.) றேச்சல் என்னும் நங்கையின் பிறந்தநாளிரவில் அவ்வைரம் மறைகின்றது. கள்வனைத் தேட முன்னிற்பவன் அவள் காதலன் பிளேக். அவளோ அவனை வெறுத்தொதுக்குகின்றாள். ஏன்? அவன் வைரத்தை எடுத்ததைத் தன் கண்ணாற் கண்டவள் அவள்! காட்டிக்கொடுக்கக் காதல் விடவில்லை. மன்னிக்க மானம் விடவில்லை. கஃப் என்னும் கைதேர்ந்த துப்பறிவாளரும் அம்மௌனங்கண்டு அவளையே ஐயுற்றார். காதலை நீக்கின் இக்கதையில் மர்மமே இல்லை. மறுநாளே யாவும் வெளிப்பட்டிருக்கும். உண்மையிலோ, அவனறியாது பிறர் ஊட்டிய அபினி மயக்கில், வைரத்தைக் காக்கும் எண்ணத்தாலேயே அவன் அதனை எடுத்தான்.

மறுநாட் காலை நூலைத் திருப்பிக் கொடுத்தேன். “ஐயா, முடிவைச் சொல்லிப்போடாதையுங்கோ, நான் பாதிதான் வாசிச்சனான்” என்றான். வகுப்பறியக் கடிந்த நான், அதனைக் கொடுத்தது மட்டும் விறாந்தையில், ஒருவரும் இல்லாத வேளையில்.