மாத்திரை அட்டை

தலைவெள்ளிதோறும் நோயுற்ற முதியோருக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குத்தந்தையின் கடமைகளுள் ஒன்று. 25 ஆண்டுகளாக அதைச் செய்து வரும் நாம், நம் பங்கின் முதியோரை நன்கறிவோம் என்றே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் சென்ற ஆண்டு ஒரு மாத்திரை அட்டையால் கலைந்தது.

கடைசித் தெருவில் தனித்து வாழும் மூதாட்டி அவர். மகன் திருப்பூரில் பின்னலாடை வேலையில் இருக்கிறார். நாம் செல்லும்போது வெள்ளைத் துணி விரித்து, மெழுகுதிரி ஏற்றிக் காத்திருப்பார். நலம் கேட்டால், "ஆண்டவர் புண்ணியத்துல நல்லா இருக்கேன் சாமி" என்பார். நாமும் ஆசி வழங்கி அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடுவோம்.

2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்றது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம். அதன்கீழ்ச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீடு தேடிக் கொடுக்கும் தன்னார்வலர், நம் ஊர் மகளிர் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர். ஒருநாள் அவர் நம்மிடம் வந்து, "பாட்டி வீட்டுல மாத்திரை குறையவே இல்ல சாமி" என்றார். வெறும் வயிற்றில் விழுங்கினால் மயக்கம் வருகிறதென்று நிறுத்திவிட்டாராம். வயிறு ஏன் வெறுமையாயிற்று? தேய்ந்த விரலின் ரேகை கருவியில் பதியாததால் இரண்டு மாதங்களாக உதவித்தொகை கைக்கு வரவில்லை.

1962இல் மாதம் 20 ரூபாயாக நம் மாநிலத்தில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை 2023இல் 1200 ரூபாயாக உயர்ந்தது. அது மணியார்டராக வந்த நாள்களில் தபால்காரர் பெயர் சொல்லி அழைத்துக் கொடுப்பார். வராதவரைப் பற்றி அண்டை வீட்டில் விசாரிப்பார். கருவி விரலை மட்டுமே கேட்கிறது. முறைகேட்டைத் தடுக்க அது தேவைதான். ஆயினும் ரேகை பதியாதவர் அன்று உண்டாரா என்று அது கேட்பதில்லை. திட்டங்கள் தலைநகரில் பிறக்கலாம். முதியவரிடம் அவற்றைக் கொண்டு சேர்ப்பவை அவர் தெருவை அறிந்த கால்களே.

"நம்மிடம் ஏன் சொல்லவில்லை?" என்று மூதாட்டியைக் கேட்டோம். "நன்மை கொண்டு வர்ற சாமிகிட்டப் போய்ச் சோத்தைப் பத்திப் பேசலாமா?" என்றார். பசித்தோருக்கு உணவளிப்பது பற்றி எத்தனை மறையுரைகள் ஆற்றியிருப்போம்! அவர் பசியைச் சொல்லத் தகாத இடமாக நாம் நின்றிருக்கிறோம்.

மனு எழுதிக் கொடுத்தோம். தொகை வந்து சேரும்வரை அன்பியத்துப் பெண்கள் முறைவைத்து உணவு கொடுத்தனர். அடுத்த தலைவெள்ளியன்று, செபம் முடிந்ததும் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னோம்.

மூதாட்டி சிரித்தார். "சாமியும் எண்ண ஆரம்பிச்சாச்சா?"