வீர வணக்கம் இருக்கிறது, வீட்டுமனை எங்கே?

ஒவ்வோர் ஆடி மாதமும் கொல்லிமலையில் வல்வில் ஓரி விழாவை அரசு நடத்துகிறது. செம்மேட்டில் நிற்கும் ஓரியின் சிலைக்கு மாலை விழுகிறது, வில்வித்தைப் போட்டி நடக்கிறது. ஓரி போரில் மாண்டவன். திருமுடிக்காரி அவனைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று சங்கப் பாடல்கள் சொல்கின்றன. போரில் செத்த ஒருவனுக்கு இங்கே சிலையும் உண்டு, விழாவும் உண்டு. நம் காலத்தில் பட்டாளத்துக்குப் போய் உடல் சிதைந்து திரும்பியவர்களுக்கும், அவர்களுடைய விதவைகளுக்கும் இதே மலையில் ஒழுகாத வீடு உண்டா என்பதுதான் நாங்கள் எழுப்ப விரும்பும் கேள்வி.

தலித் அரசியல் பேசும் தளத்தில் பட்டாளத்தைப் பற்றி என்ன கட்டுரை என்று சில தோழர்கள் கேட்கலாம். இது ராணுவத்தைப் புகழும் கட்டுரை அல்ல. பட்டாளத்துக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில்தான். தமிழ்நாட்டுப் பறையர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் கணிசமாகச் சேர்ந்தார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது, எழுத்துக் கொடுத்தது, மாதச் சம்பளம் கொடுத்தது. அதே வெள்ளை அரசு ‘போர்க்குணமுள்ள இனம்’ என்றொரு கதையைக் கட்டி, 1892இல் மகர்களுக்குப் பட்டாளத்தின் கதவைச் சாத்தியது. தேவைப்படும்போது எடுத்துக்கொள்வதும் தேவை தீர்ந்ததும் தள்ளிவிடுவதும் நமக்குப் புதிதல்ல.

கொல்லிமலையில் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, தேவனூர் நாடு என்று 14 நாடுகள். இந்த மலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பவை இரண்டே, இன்னொன்று ஏற்காடு. மிளகும் மரவள்ளியும் சாமையும் விளையும் பூமி. நிலம் போதாத வீட்டிலிருந்து ஒருவர் திருப்பூருக்குப் போவார், ஒருவர் கேரளத்துக்குப் போவார், எங்கோ ஒருவர் பட்டாளத்துக்கும் போவார்.

அப்படிப் போனவர் ஒருவரின் மனைவியை எங்கள் கள வேலையில் தெரிந்துகொண்டோம். கணவர் காலில் அடிபட்டு, 50 சதவீத ஊனம் என்ற மருத்துவச் சான்றோடு ஊர் திரும்பி, சில வருடங்களில் இறந்துபோனார். அந்த அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. வீடு மண் சுவர், மேலே தகரம். ஐப்பசி மழையில் ஒரு பக்கச் சுவர் கரைந்து இறங்கிவிட்டது. வீட்டுக்கு உதவி கேட்டு அவரோடு நாங்களும் அலைந்தோம்.

“பட்டாளத்துக்காரர் பொண்டாட்டின்னா அந்த ஆபீசுக்குப் போங்கறாங்க. அங்க போனா, மலையாளி ஜாதிதானே, உங்களுக்குத் தனியா வீடு தர்றாங்களே, அங்க போய்க் கேளுங்கறாங்க. நான் யாருன்னு முதல்ல அவங்களே முடிவு பண்ணட்டும் கண்ணு” என்றார். மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு ‘அங்கே போங்க’வுக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகிறது.

யாரோ ஒரு அதிகாரியின் அலட்சியம் என்று இதை முடித்துவிட முடியாது. விதிகளையே எடுத்துப் படித்துப் பார்த்தோம். குழி அங்கேதான் இருக்கிறது.

முதலில் படைவீரர் நலன் என்ற பெயரில் இருப்பவை. மத்திய சைனிக் போர்டு வழியாக வீடு பழுதுபார்க்க 20,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் அது 100 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரருக்கும், பெற்றோரை இழந்த படைவீரர் மகளுக்கும்தான். 50 சதவீத ஊனத்தோடு இறந்தவரின் மனைவி அதில் வரமாட்டார். அடுத்து, போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் ஊனமுற்றவர்களுக்கும், பணியின் காரணமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வீட்டுக் கடன் வட்டியில் பாதியைத் திருப்பித் தரும் திட்டம். கடனுக்கு உச்சவரம்பு 1 லட்சம். அதை வாங்கவும் முதலில் வங்கி கடன் கொடுக்க வேண்டும். வங்கி பட்டா கேட்கும். அந்த அக்காவின் வீடு நிற்கும் இடம் இன்னும் கணவருடைய தாத்தாவின் பெயரில், நான்கு பங்காளிகளின் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. 1978இல் தொடங்கிய ராணுவ நல வீட்டுவசதி அமைப்பு நகரங்களில் அடுக்குமாடி கட்டி விற்கிறது. செம்மேட்டுக்கு மேலே இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

அடுத்தது ஏழைகளுக்கான வீடு. 2016இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தில் சமவெளிக்கு 1.20 லட்சம், மலை மாநிலங்களுக்கும் கடினப் பகுதிகளுக்கும் 1.30 லட்சம் என்று வகுத்தார்கள். மாநில அரசு மேலே கொஞ்சம் போடுகிறது. சிமெண்ட்டையும் கம்பியையும் மலையேற்றி, அதன்பிறகு வண்டி போகாத ஊருக்குத் தலைச்சுமையாகக் கொண்டுபோகும் செலவுக்கு டெல்லி போட்ட மதிப்பு 10,000 ரூபாய்.

இந்தத் திட்டத்தின் வழிகாட்டுதலில் ஒரு நல்ல வரி இருக்கிறது. ஒரே நிலையில் உள்ள குடும்பங்களில் யாருக்கு முதலில் வீடு என்று கிராம சபை முடிவு செய்யும்போது, போரில் கொல்லப்பட்ட ராணுவ, துணை ராணுவ, காவல் படையினரின் விதவைகளுக்கும் நெருங்கிய உறவினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. வன உரிமைச் சட்டப் பயனாளிகளும், ஒரே பெண் குழந்தை உள்ள குடும்பங்களும், திருநர்களும் அதே பட்டியலில் வருகிறார்கள். படிக்கும்போது மனம் நிறைகிறது.

ஆனால் அதே வழிகாட்டுதல், குடும்பத்தில் யாராவது மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் சம்பாதித்தால் பட்டியலிலேயே சேர்க்காதே என்றது. ஓய்வூதியத்தையும் சம்பாத்தியமாக எண்ணினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். போரில் இறந்த சிப்பாயின் மனைவிக்குக் கிடைக்கும் தாராளக் குடும்ப ஓய்வூதியம், கணவர் கடைசியாக வாங்கிய ஊதியத்துக்குச் சமம். ஏழாவது ஊதியக் குழுவின்படி சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 21,700. அப்படியானால் முன்னுரிமை வரி யாருக்காக எழுதப்பட்டதோ அவர் வரிசைக்கே வரமுடியாது. முன்வாசலில் வரவேற்புப் பலகை, உள்கதவில் பூட்டு.

போர்க்களத்தில் அல்லாமல் நோயிலோ, ஓய்வுபெற்ற பிறகோ இறந்தவரின் மனைவிக்கு முன்னுரிமை வரியே பொருந்தாது. பூட்டு மட்டும் பொருந்தும். குடும்ப ஓய்வூதியத்தின் குறைந்தபட்சம் 9,000. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம் ஆனபோது அது 13,500 ஆனது. அந்த அக்கா பட்டியலில் இல்லாததற்கு எங்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் இந்தக் கணக்குத்தான்.

2024இல் வருமான வரம்பை 15,000 ஆக உயர்த்தினார்கள். இருசக்கர வண்டி, குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தால் வீடு இல்லை என்ற விதிகளையும் எடுத்தார்கள். நல்லது. ஆனாலும் அகவிலைப்படி 67 சதவீதத்தைத் தொட்டால் குறைந்தபட்ச ஓய்வூதியமே 15,030 ஆகிவிடும். விலைவாசிக்காகக் கொடுக்கும் காசு வீட்டைத் தட்டிப் பறிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்பப் பட்டியல் 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. வீட்டில் அரசு ஊழியர் இருந்தால் விலக்கு. 2011இல் மகன் பட்டாளத்தில் இருந்த குடும்பம் அன்றைக்கே விலக்கப்பட்டுவிட்டது. மறு வருடமே அந்த மகன் இறந்திருந்தாலும் பட்டியலுக்கு அது தெரியாது.

மாநில அரசின் கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் தருகிறது. தொகை பரவாயில்லை. அங்கும் முதல் கேள்வி, உங்கள் பெயரில் பட்டா இருக்கிறதா?

எந்தப் பக்கம் சுற்றினாலும் நிலத்தில்தான் வந்து நிற்கிறோம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையை அறிக்கையாக எழுதியதும், 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததும், அந்த நிலம் பிறகு யார் கைக்குப் போனது என்பதும் இதைப் படிக்கும் எல்லோருக்கும் தெரியும். பழங்குடிக்கு வன உரிமைச் சட்டம் 2006இல் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. காலடியில் நிலம் இல்லாதவனுக்கு வீட்டுத் திட்டம் என்பது கூரையை மட்டும் கையில் கொடுப்பது மாதிரி.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944இல், திரும்பும் வீரர்களுக்கு வீட்டுக் கடன் உத்தரவாதம் தரும் சட்டம் வந்தது. அதில் கறுப்பர்களுக்கு இல்லை என்று ஒரு சொல்கூடக் கிடையாது. கடனைக் கொடுத்தது மட்டும் உள்ளூர் வங்கி. 1947இல் மிசிசிப்பியில் எடுத்த கணக்குப்படி, உத்தரவாதம் தரப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை இரண்டு. சட்டத்தில் நிறம் இல்லை, வங்கி மேசையில் இருந்தது. நம் சட்டத்தில் சாதி இல்லை, பட்டாவில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பட்டாளத்துக்காரர் மனைவிக்கு வீடு கேட்பதால், மற்றவர்களைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லவில்லை. சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது விழுந்து இடுப்பு ஒடிந்தவரும் இந்த மலையில் இருக்கிறார். அவர் உடம்பும் உழைப்பில்தான் உடைந்தது. வீடு வீரத்துக்குக் கொடுக்கும் பதக்கமாக ஆகிவிட்டால், பதக்கம் இல்லாதவர் கேட்க வாய் இல்லாமல் போய்விடும். வீடு என்பது தேவையிலிருந்து பிறக்கும் உரிமை. ‘நன்றிக்கடன்’ என்று மேடையில் தானே அறிவித்துக்கொண்டதைக்கூட இந்த அரசு ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தரவில்லை என்பதைக் காட்டத்தான் பட்டாளத்து வீடுகளைப் பேசுகிறோம்.

இனி இது இன்னும் இறுகும். 2022 ஜூன் மாதம் வந்த அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞருக்கு நான்கு வருடம்தான் வேலை. வெளியே வந்தால் ஓய்வூதியம் இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு உண்டு. பணியின் காரணமாக இறந்தால் மேலும் 44 லட்சம் கருணைத் தொகை. ஆனால் மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. சேரியிலும் மலையிலும் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதைத் தெரிந்துகொண்டு ஓட வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் நான்கு. ஊனமுற்ற வீரரின், விதவையின் ஓய்வூதியத்தை வீட்டுத் திட்டத்துக்கான வருமானமாக எண்ணக் கூடாது. கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தரும் முகாமை மலைமேலேயே நடத்தி, பெண்கள் பெயரில் மனைப்பட்டா தர வேண்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் வட்டார வளர்ச்சி அலுவலகமும் ஒரே பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டும். மக்கள் அலையக் கூடாது, காகிதம் அலையட்டும். மலைக்கான வீட்டுத் தொகையை, பொருள் ஏற்றும் உண்மையான செலவைக் கணக்கிட்டு நிர்ணயிக்க வேண்டும்.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதற்கு முன்பே உங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போன வீடுகளையும், விதவைகள் தனியாக இருக்கும் வீடுகளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கூரை எது, பட்டா யார் பெயரில், வீட்டுப் பட்டியலில் பெயர் உண்டா என்று மூன்று கட்டம் போடுங்கள். பெயர் விடுபட்டிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது, எழுத்துக்கு உண்டு. கிராம சபையில் தீர்மானமாகப் பதிவு செய்ய வையுங்கள்.

அந்த அக்காவின் மனு இப்போது புதிய வருமான வரம்பின்படி மறுபடியும் போயிருக்கிறது. பங்காளிகள் மூவர் பட்டா பிரிக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். நான்காமவர் கேரளத்தில் கூலி வேலையில் இருக்கிறார். பொங்கலுக்கு ஊர் வரும்போது போடுகிறேன் என்று போனில் சொல்லியிருக்கிறார். அதுவரை கரைந்த சுவருக்குத் தார்ப்பாய் கட்டியிருக்கிறோம்.